மார்மன் கோயிலுக்குள் என்ன நடக்கிறது, அதைச் சுற்றி ஏன் இத்தனை சண்டை?

கேள்வி இதுதான்: "என் அலுவலக நண்பர் மார்மன் சபையைச் சேர்ந்தவர். பெங்களூரில் அவர்களுக்குக் கோயில் கட்டுகிறார்கள், ஆனால் பிரதிஷ்டை முடிந்தபிறகு வெளியாட்கள் உள்ளே போக முடியாது என்கிறார். இணையத்தில் தேடினால் ரகசியச் சடங்கு, ஃப்ரீமேசன்களைப் பார்த்துக் காப்பி அடித்தது, செத்தவர்களுக்கு ஞானஸ்நானம், விசித்திரமான உள்ளாடை என்று என்னென்னவோ வருகிறது. எது உண்மை? எந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது? அவரிடமே கேட்கச் சங்கடமாக இருக்கிறது."

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மார்மன் இல்லை. சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து, அமெரிக்க மத வரலாற்றில் பித்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கும் ஆள். அந்தச் சபையின் கையேடுகளையும் படித்திருக்கிறேன், அதை விட்டு வெளியே வந்தவர்கள் எழுதியதையும் படித்திருக்கிறேன். இணையத்தில் அதிகம் சத்தம் போடும் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் பலவீனமானவை, உண்மையிலேயே கனமானவை பக்கத்தில் சத்தமில்லாமல் கிடக்கின்றன என்பது என் கருத்து.

சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் கத்தோலிக்கர் 'கோயிலுக்குப் போறேன்' என்றால் ஞாயிறு பூசைக்குப் போகிறார் என்று அர்த்தம். மார்மன்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களின் ஞாயிறு ஆராதனை சாதாரணக் கூட்ட அரங்குகளில் நடக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், சாதி மதம் கேட்க மாட்டார்கள். கோயில் என்பது தனிக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும். கிறிஸ்தவக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடப்பதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. முதல் கோயில் 1836இல் ஒஹையோவின் கர்ட்லண்டில் எழுந்தது. எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் ஆறு கோபுரக் கருங்கல் கோயில் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. 1853இல் தொடங்கி 1893இல் முடித்தார்கள், சரியாக நாற்பது வருடம். இன்று உலகம் முழுக்க 200க்கும் மேற்பட்ட கோயில்கள் இயங்குகின்றன. பெங்களூர்க் கோயிலை 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள், 2020 டிசம்பரில் நம் பாஷையில் பூமி பூஜை போட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்தியாவில் இருக்கும் உறுப்பினர் கோயிலுக்குப் போகவேண்டுமென்றால் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறவேண்டும். நெடுங்காலம் ஹாங்காங்தான் இந்தியாவுக்கான கோயில்.

உள்ளே என்ன நடக்கிறது? மூன்று காரியங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இறந்துபோனவர்களின் பெயரில் உயிரோடிருப்பவர் முழுக்கு ஞானஸ்நானம் பெறுவது. அதற்கான தொட்டி பன்னிரண்டு காளைச் சிற்பங்களின் முதுகில் நிற்கும், சாலொமோன் கோயிலின் வெண்கலக் கடல்தொட்டி மாதிரி. இரண்டாவது, எண்டோமென்ட் என்கிற நீண்ட சடங்கு. உலகப் படைப்பு, ஆதாம் ஏவாள், வீழ்ச்சி, மீட்பு என்று ஒரு கதையோட்டம். பழைய நாளில் ஆட்கள் நடித்துக் காட்டினார்கள், 1955இல் சுவிட்சர்லாந்துக் கோயில் திறந்தபோது பல மொழி பேசுவோருக்காகப் படமாக எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கதையோட்டத்தின் நடுவே வாக்குறுதிகள் கொடுப்பார்கள். மூன்றாவது, முத்திரித்தல். கணவன் மனைவியையும் பெற்றோர் பிள்ளைகளையும் மரணத்துக்கு அப்பாலும் பிரியாதபடி பிணைக்கும் சடங்கு. அந்த அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி இருக்கும். நடுவில் நிற்கிற ஜோடியின் பிம்பம் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் கண்ணாடியை நினைவில் வையுங்கள். குடும்பம் முடியாது, சாவு அதைப் பிரிக்காது என்பதுதான் இந்தக் கோயிலின் முழு வாக்கு. குற்றச்சாட்டுகளில் கனமானவை எல்லாம் அந்த வாக்கிலிருந்தேதான் கிளம்புகின்றன.

இனி ரகசியம். மார்மன்கள் இதற்கு 'ரகசியம் அல்ல, புனிதம்' என்று ஒரு தயார் பதில் வைத்திருப்பார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில், பாதிதான் உண்மை. 1990 வரை அந்தச் சடங்கில், உள்ளே கற்றதை வெளியே சொன்னால் என்ன தண்டனை என்று சைகையால் காட்டும் பகுதி ஒன்று இருந்தது. அதைச் செய்தவர்களுக்கு 'இது வெறும் புனிதம்தான்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த ஆண்டு அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு. இந்தச் சடங்கின் விவரங்கள் 1840களிலேயே அச்சில் வந்துவிட்டன. ரீட் ஸ்மூட் என்ற மார்மன் தலைவர் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வானபோது, அவர் பதவியில் நீடிக்கலாமா என்று 1904 முதல் 1907 வரை விசாரணை நடந்தது. அங்கே முன்னாள் உறுப்பினர்கள் சாட்சிக் கூண்டில் நின்று கோயில் சடங்கை விவரித்தார்கள். இப்போது சபையே தன் பொதுக் கையேட்டில் எண்டோமென்டில் கொடுக்கும் ஐந்து வாக்குறுதிகளையும் பட்டியலிட்டு வெளியிட்டிருக்கிறது: கீழ்ப்படிதல், தியாகம், நற்செய்தியின்படி வாழ்தல், ஒழுக்கத் தூய்மை, தன்னிடமுள்ள அனைத்தையும் அர்ப்பணித்தல். எவரும் படிக்கலாம். எனவே 'உள்ளே பயங்கரமாக ஏதோ மறைக்கிறார்கள்' என்கிற வாதம் நிற்காது. உள்ளே போய்வந்த பலர் சொல்லும் குறை வேறு: முதல் தடவை போகிறபோது என்ன வாக்குக் கொடுக்கப்போகிறோம் என்றே தெரியாமல் போய் உட்கார்ந்தோம், சொந்தக்காரர்கள் சுற்றி இருக்கும்போது எழுந்து வரவும் முடியவில்லை. இது நியாயமான குறை. சபை இப்போது முன்கூட்டியே அதிகம் சொல்வதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

பிரதிஷ்டைக்கு முன்பு சில வாரங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது அவர்கள் வழக்கம் என்பதையும் சொல்லவேண்டும். காலுறை மாதிரி ஒரு மேலுறையை ஷூவுக்கு மாட்டிவிட்டு எல்லா அறைகளையும் சுற்றிக் காட்டுவார்கள். வாஷிங்டன் கோயில் 1974இல் திறந்தபோது லட்சக்கணக்கில் கூட்டம் போனது. 2022இல் புதுப்பித்துவிட்டு மறுபடி திறந்து காட்டினார்கள்.

அடுத்தது ஃப்ரீமேசன் விஷயம். சுருக்கமாக மேசன்கள், தங்களுக்குள் தனிச் சடங்குகள் வைத்திருக்கும் ஆண்கள் சகோதர அமைப்பு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரு தரப்பும் இதைச் சுலபமாக்கிவிடுகின்றன. தேதிகளைப் பாருங்கள். 1842 மார்ச் 15 அன்று இலினாய் மாநிலத்து நாவூ ஊரில் ஜோசப் ஸ்மித் மேசன் ஆகிறார், செங்கல்லால் கட்டிய தன் கடையின் மாடியறையில். அதே மாடியறையில் மே 4 அன்று எண்டோமென்ட் சடங்கை முதன்முதலாகச் சிலருக்குக் கொடுக்கிறார். இடையில் ஐம்பது நாள். கைகுலுக்கும் முறைகள், சைகைகள், இடுப்பில் கட்டும் ஏப்ரன், ஆடையில் மூலைமட்டமும் கவராயமும் குறித்த அடையாளம், அந்தத் தண்டனைச் சைகைகள் எல்லாம் மேசன் சடங்கில் இருந்தவை. தற்செயல் என்று சொல்ல முடியாது, யோக்கியமான மார்மன் வரலாற்றாளர்கள் யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை. முதல் நாள் அந்த அறையில் இருந்தவரும், ஸ்மித்துக்கு வெகுகாலம் முன்பே மேசனானவருமான ஹீபர் கிம்பல், மேசன் முறைக்கும் இதற்கும் ஒப்புமை இருக்கிறது என்று அடுத்த மாதமே கடிதத்தில் எழுதினார். அவருக்கு அதில் எந்த வெட்கமும் இல்லை. மேசன் சடங்கு சாலொமோன் கோயில் காலத்திலிருந்து வருவது என்று அன்றைய மேசன்களே நம்பினார்கள். சிதைந்துபோன பழைய சடங்கை நாம் முழுசாக மீட்டுவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சிக்கல் எங்கே என்றால், அந்த நம்பிக்கை வரலாற்றில் தேறவில்லை. மேசன் அமைப்பு ஐரோப்பியக் கல்தச்சர் சங்கங்களிலிருந்து வளர்ந்தது. லண்டனில் அதன் தலைமை மன்றம் உருவானது 1717இல். சாலொமோனுக்கும் அதற்கும் நூல் பிடித்துக் காட்ட முடியாது. ஆகவே 'பழைய கோயில் சடங்கின் எச்சம்' என்ற பழைய விளக்கத்தை மார்மன்கள் கைவிடவேண்டியிருந்தது. மேசன் அனுபவம் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாட்டுக்குத் தூண்டுதலாக அமைந்தது என்பதுதான் சபையின் இன்றைய எழுத்துகளில் இருக்கும் விளக்கம்.

ஆனால் 'காப்பி' என்று முடித்துவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மேசன் சடங்கின் கதை சாலொமோன் கோயிலைக் கட்டிய கைவினைஞர் ஹிராம் கொல்லப்பட்டது பற்றியது. எண்டோமென்டின் கதை ஆதாம் ஏவாள் பற்றியது. மேசன் மன்றம் ஆண்களுக்கு மட்டும். எண்டோமென்டை 1843இல் ஸ்மித்தின் மனைவி எம்மா பெற்றார், அவருக்குப்பின் மற்றப் பெண்களும் பெற்றார்கள். வடிவத்தை ஓரிடத்தில் எடுத்து வேறொரு சரக்கை அதில் ஊற்றியிருக்கிறார். மத வரலாற்றில் இது புதிதல்ல, எல்லா மதமும் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததுதான். சடங்கு வானத்திலிருந்து அப்படியே இறங்கியது, ஒரு எழுத்தும் மாறாதது என்று நம்பிக்கொண்டு வளர்ந்த உறுப்பினருக்குத்தான் இது அடி. மேலும் மாறாததென்று சொல்லப்பட்ட சடங்கு 1990இலும் மாறியது, 2019இலும் மாறியது. பெண் தன் கணவன் வழியாகக் கடவுளுக்கு வாக்குக் கொடுக்கும் விதமாக இருந்த சொற்களை 2019இல் மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு முன்பு பல்லாண்டுகள் அந்தச் சொற்களைச் சொல்லி வந்த பெண்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்ற கசப்பும் அவர்கள் எழுத்தில் தெரிகிறது.

சரி, செத்தவர்களுக்கு ஞானஸ்நானம். 1840 ஆகஸ்டில் ஓர் இறுதிச் சடங்குப் பிரசங்கத்தில் ஸ்மித் இதை முதலில் அறிவித்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 15:29இல் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் என்று பவுல் போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறார். பைபிளில் அந்த ஒரு வரிதான் ஆதாரம். நாவூவில் கோயில் எழும்புவதற்கு முன் மிசிசிப்பி ஆற்றிலேயே முங்கி எழுந்தார்கள். எங்கள் ஊர்ப் பாஸ்டர்களிடம் இந்த வசனத்தைப் பற்றிக் கேட்டால் சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். அது யாருக்கும் திருப்தியாக விளங்காத வசனம். ஒற்றை வரியில் இவ்வளவு பெரிய கட்டடம் நிற்குமா என்பது நியாயமான கேள்வி. அவர்களின் தனி வேதநூலான மார்மன் புத்தகத்திலேயே இந்தச் சடங்கு இல்லையே என்பதும் அப்படித்தான்.

மார்மன்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது முக்கியம். இறந்தவரை மார்மன் ஆக்கிவிட்டோம் என்று அவர்கள் சொல்வதில்லை, உறுப்பினர் கணக்கிலும் சேர்ப்பதில்லை. மறுமையில் இருப்பவர் விரும்பினால் ஏற்கலாம், வேண்டாமென்றால் மறுக்கலாம், நாங்கள் இங்கிருந்து கதவைத் திறந்து வைக்கிறோம் என்பார்கள். தர்ப்பணம் விடுகிற வழக்கம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இந்த உணர்ச்சி அந்நியமாகப் படாது. செத்தவருக்கு இருப்பவர் ஏதாவது செய்தாகவேண்டும் என்ற தவிப்பு நமக்குத் தெரியும். அமெரிக்கப் புராட்டஸ்டன்டுகளுக்குத்தான் இது தலைகீழாகத் தெரிகிறது.

ஆனால் தர்ப்பணம் நம் அப்பா, தாத்தா, முப்பாட்டனுக்கு விடுகிறோம். எதிர்வீட்டுக்காரரின் தாத்தாவுக்கு அவர் சம்மதமில்லாமல் நாம் எள்ளும் தண்ணீரும் இறைத்தால்? அங்கேதான் வெடித்தது. எர்னஸ்ட் மைக்கேல் என்பவர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய யூதர். நாஜிகள் கொன்ற தன் பெற்றோரின் பெயர் மார்மன் ஞானஸ்நானப் பட்டியலில் இருப்பதைக் கண்டுபிடித்தார். யூதராகப் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்களை, செத்தபிறகும் யூதர்களாக இருக்கவிடவில்லை என்று அந்த மக்கள் துடித்ததில் ஆச்சரியம் என்ன? 1995இல் சபை யூத அமைப்புகளுடன் ஒப்பந்தம் செய்து, இனப்படுகொலையில் இறந்தவர்களின் பெயர்களை லட்சக்கணக்கில் நீக்கியது. அப்புறமும் நிற்கவில்லை. 2012இல் நாஜிகளைத் தேடிப்பிடித்த சைமன் வீசன்தாலின் பெற்றோருக்கும், டைரி எழுதிய ஆன் ஃப்ராங்குக்கும் மறுபடி சடங்கு செய்தது வெளிவந்தது. சபை மன்னிப்புக் கேட்டது. காந்தியின் பெயரும் பட்டியலில் இருந்ததாக அதே ஆண்டு செய்திகள் வந்து இந்தியாவிலும் கொஞ்ச நாள் பேசப்பட்டது.

இப்போதைய விதி கறாரானது. சொந்த மூதாதையரின் பெயரைத்தான் கொடுக்கவேண்டும். பிரபலங்கள் கூடாது, இனப்படுகொலையில் இறந்தவர்கள் கூடாது. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உயிருள்ள உறவினரின் சம்மதம் வேண்டும். விதி சரி. ஆனால் பெயர்களை அனுப்புவது உலகம் முழுக்க உள்ள லட்சக்கணக்கான தன்னார்வலர்கள். ஆர்வக்கோளாறு உள்ள ஒருவர் போதும்.

இதன் மறுபக்கத்தில் இருப்பதுதான் விசித்திரம். பெயர் வேண்டும் என்பதற்காகவே இந்தச் சபை உலகின் மிகப்பெரிய வம்சாவளி ஆவணக் களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டது. 1894இல் அதற்கென ஒரு சங்கம் தொடங்கி, 1938இலிருந்து நாடு நாடாகப் போய் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, கப்பல் பயணிகள் பட்டியல் எல்லாவற்றையும் மைக்ரோஃபிலிமில் படம் எடுத்தார்கள். சால்ட் லேக் பக்கத்தில் ஒரு மலையைக் குடைந்து அந்தச் சுருள்களை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஹரித்துவார் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்திரிகர் ஏடுகளைக்கூடப் படம் எடுத்திருக்கிறார்கள். இன்று ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இவற்றில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். மார்மன் சடங்கை ஏளனம் செய்கிற வம்சாவளி ஆய்வாளர்களே தினமும் அதைத்தான் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வத்திக்கான் மட்டும் 2008இல், பங்குப் பதிவேடுகளை இவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று மறைமாவட்டங்களுக்குச் சொல்லிவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் கணக்கில் அதிகம் பேரை அழவைத்தது இதுதான். கோயிலுக்குள் போகப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். உள்ளூர் பிஷப் ஒருமுறை, அவருக்கு மேலே உள்ள தலைவர் ஒருமுறை, நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுத் தருவார்கள். (பிஷப் என்றதும் நம் ஊர்ப் பேராயரை நினைக்காதீர்கள். வார நாளில் கடையிலோ வங்கியிலோ வேலை பார்க்கும், சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்.) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். நம்பிக்கை, நேர்மை, பாலியல் ஒழுக்கம், மது, புகை, டீ, காபி தொடாமை, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு). கேள்விகள் இவைதான், 2019இல் சபைத் தலைவரே மாநாட்டில் முழுதாக வாசித்தார்.

இப்போது ஒரு கல்யாணத்தை எண்ணிப்பாருங்கள். பெண் மதம் மாறி மார்மன் ஆனவள். பெற்றோர் மாறவில்லை. பெண்ணின் திருமணம் கோயிலுக்குள், கண்ணாடி அறையில். சீட்டு இல்லாத அப்பாவும் அம்மாவும் வெளியே காத்திருப்பு அறையில். பெற்றவர்கள் மகளின் கல்யாணத்தைப் பார்க்க முடியாது. 'குடும்பம் என்றென்றும்' என்று வாக்குக் கொடுக்கும் கட்டடத்தின் வாசலில்! வெளியே முதலில் சட்டப்படி ஒரு கல்யாணம் வைத்துக்கொண்டு பிறகு கோயிலில் முத்திரிக்கலாமே என்றால், அமெரிக்காவில் அப்படிச் செய்தால் ஒரு வருடம் காத்திருக்கவேண்டும் என்று விதி இருந்தது. சபைக்குள் அது ஒரு குறையாகப் பார்க்கப்பட்டது. ஆனால் பிரிட்டனில் கல்யாணம் பொதுமக்கள் வரக்கூடிய இடத்தில்தான் நடக்கவேண்டும் என்று சட்டம். அதனால் அங்கே காலையில் வெளியே கல்யாணம் முடித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய் முத்திரித்துக்கொண்டார்கள், காத்திருப்பு எதுவும் இல்லை. அப்படியானால் அமெரிக்கப் பெற்றோரை வெளியே நிறுத்தியது கடவுள் கட்டளை இல்லை, அலுவலக விதி. 2019 மே மாதம் அந்த ஒரு வருட விதியை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்களுக்கு அந்த நாள் திரும்ப வரப்போவதில்லை.

நிறத்தின் பெயரால் நடந்தது இதைவிட மோசம். 1852 முதல் 1978 ஜூன் வரை, கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது. கறுப்பின ஆண், பெண் இருவருக்கும் எண்டோமென்டும் முத்திரித்தலும் கிடையாது. ஜேன் மானிங் ஜேம்ஸ் என்றொரு பெண்மணி. 1843இல் நிறத்தைக் காரணம் காட்டிப் படகில் ஏற்ற மறுத்ததால், குடும்பத்தோடு நியூயார்க் மாநிலத்திலிருந்து நாவூ வரை நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்தவர். ஸ்மித்தின் வீட்டிலேயே வேலை செய்து வாழ்ந்தவர். யூட்டாவுக்குப் போனபின் தன்னையும் முத்திரியுங்கள் என்று சபைத் தலைவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டார். 1894இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்மித்தின் குடும்பத்தோடு அவரை வேலைக்காரியாக என்றென்றைக்கும் முத்திரித்தார்கள். அந்தச் சடங்குக்கும் அவரைக் கோயிலுக்குள் விடவில்லை, வேறொரு வெள்ளைக்காரப் பெண் அவருக்குப் பதிலாக நின்றார். 1908இல் ஜேன் இறந்தார். எண்டோமென்ட் சடங்கை அவர் பெயரில் செய்தது 1979இல், செத்து எழுபது வருடம் கழித்து. சபை 2013இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தத் தடைக்குச் சொல்லிவந்த பழைய விளக்கங்களை எல்லாம் நிராகரித்தது. தடையே தவறு என்று மட்டும் இன்னும் நேராகச் சொல்லவில்லை. மேசன் கைகுலுக்கலைப் பற்றி மணிக்கணக்கில் காணொளி போடுகிறவர்கள் ஜேனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் தேவலை.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பலதார மணத்தை 1890இல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஆனால் மனைவி இறந்தபின் ஆண் இன்னொரு பெண்ணோடும் முத்திரித்துக்கொள்ளலாம். சபைத் தலைவராக இருந்த ரசல் நெல்சன், அவருக்குப்பின் தலைவரான டாலின் ஓக்ஸ் இருவருமே அப்படிச் செய்தவர்கள். கணவனை இழந்த பெண் உயிரோடிருக்கும்போது இரண்டாவது கணவனோடு அப்படி முத்திரித்துக்கொள்ள முடியாது. அப்படியானால் மறுமையில் ஒருவருக்கு இரண்டு மனைவியா என்று இளம்பெண்கள் கேட்கிறார்கள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்பதே பதில். ஒருபால் ஜோடிகளுக்கு முத்திரித்தல் அறவே இல்லை.

தசமபாகம் கட்டாதவருக்குச் சீட்டு இல்லை என்பதை 'சொர்க்கத்துக்கு டிக்கெட்' என்று கேலி செய்வார்கள். பிஷப் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்ப்பதில்லை, உறுப்பினர் தானே சொல்வதுதான் கணக்கு. கோயிலில் கட்டணமும் இல்லை. ஆனாலும் பத்தில் ஒரு பங்கு கொடுக்காத ஏழை அந்தக் கண்ணாடி அறைக்குள் போக முடியாது என்பது உண்மை. வாங்கும் சபையோ ஏழையல்ல. முதலீடுகளின் அளவை வெளியே தெரியாதபடி துணை நிறுவனங்களின் பெயரில் கணக்குக் காட்டியதற்காக, 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சபைக்கு 10 லட்சம் டாலரும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்கு 40 லட்சம் டாலரும் அபராதம் போட்டது.

மற்றக் கிறிஸ்தவர்கள் வைக்கும் வேத வாதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்பிக்கை ஒத்துப்போகாதவர்களுக்குள் இது முடியவே முடியாது. இயேசு இறந்தபோது தேவாலயத் திரை கிழிந்தது, இனி கோயில் எதற்கு என்பார்கள். எருசலேம் கோயிலில் பலி கொடுத்தார்கள், கல்யாணம் செய்யவில்லை என்பார்கள். உயிர்த்தெழுதலில் 'கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை' என்று இயேசுவே சொல்லிவிட்டாரே என்பார்கள். மார்மன்கள் அதற்கு, அங்கே புதிதாகக் கல்யாணம் நடக்காது என்றுதான் சொன்னார், அதனால்தான் இங்கேயே செய்துகொள்கிறோம் என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் இழுத்துக் கட்டியதாகத்தான் தெரிகிறது.

உள்ளாடை பற்றி இரண்டு வரி. எண்டோமென்ட் பெற்றவர்கள் தினமும் உடைக்குள் அணியும் எளிய வெள்ளை ஆடை அது. கொடுத்த வாக்கை நினைவூட்ட. சீக்கியர் மத அடையாளமாக உள்ளே அணியும் கச்சாவைப் போல என்று வையுங்கள். 2014இல் சபையே படமெடுத்து, இதுதான் அது, தயவுசெய்து கேலி செய்யாதீர்கள் என்று வெளியிட்டது. அமெரிக்காவில் இப்போது உள்ளூர்க்காரர்கள் அதிகம் சண்டை போடுவது கோபுர உயரத்துக்காக. டெக்சாஸின் ஃபேர்வியூ ஊரில் 170 அடிக்கு மேல் கேட்டு, இழுபறிக்குப்பின் 120 அடிக்கு இறங்கி வந்தார்கள்.

உங்கள் நண்பரிடம் கேட்பது பற்றி. பொதுமக்களுக்குத் திறந்துகாட்டும் வாரங்களில் அவர் கூப்பிட்டால் போய்வாருங்கள், மதம் மாறச் சொல்லிக் கையெழுத்து வாங்க மாட்டார்கள். உள்ளாடையைப் பற்றிக் கேட்காதீர்கள், உங்களிடம் யாராவது கேட்டால் எப்படியிருக்கும்? மேசன் கதையும் வேண்டாம், அவர் நூறு தடவை கேட்டிருப்பார். இந்திய மார்மன்களில் நிறையப் பேர் அவர்கள் வீட்டில் முதல் தலைமுறை. தாத்தா பாட்டி இந்துவாகவோ, நம்மைப் போல வேறு சபையாகவோ இருந்திருப்பார்கள். குடும்பப்பெயர் இல்லாமல் இனிஷியலோடு வாழ்ந்த அந்த மனிதர்களின் பெயரை ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கும்போது எப்படி நிரப்பினீர்கள், அத்தை சித்தப்பா யாரிடமாவது சம்மதம் கேட்டீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், எலுமிச்சை ஜூஸ் சொல்லுங்கள்.